ஒட்டுப்பால் பையைக் காலி செய்த நாள்

போன வாரம், கணினி திருத்துகிறவர்களின் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. "கஸ்டமருடைய மெஷினில் இடம் தானாகக் குறைந்துகொண்டே போகிறது, என்ன செய்யலாம்?" அரை மணித்தியாலத்துக்குள் பதினொரு பதில்கள். ஒன்று விடாமல் படித்தேன். கடையை மூடியவனுக்கு வேறு என்ன வேலை? அதை அழி, இதை அழி, பழைய அப்டேட்டை அழி, ரீசைக்கிள் பின்னைக் காலி செய். பதினொன்றும் அழிக்கத்தான் சொல்கின்றன! அந்த மெஷினுக்கு முன்னால் தினமும் உட்காருவது யார், அவர் என்ன வேலை செய்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஃபோனில் திட்டுவதற்குப் பாதி டைப் செய்தும் விட்டேன். அப்புறம்தான் புளத்கொகுபிட்டிய மலையில் நான் செய்த காரியம் நினைவுக்கு வந்தது. டைப் செய்ததை அழித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. ருவான்வெல்லை பஸாரில், மூன்று பேர் உள்ளே வந்தால் நாலாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய அளவு கடையில், இருபது வருடத்துக்கு மேல் கணினி திருத்தியவன் நான். தோட்ட ஆபிஸ், பாடசாலை, ஸ்டூடியோ, பார்மசி, எல்லா இடத்திலும் எனக்கு ஒரே பெயர்தான்: நானா, எங்கள் முஸ்லிம் பேச்சில் அண்ணன். தோட்டத்து ஆட்களும் நானா, சிங்கள ஆட்களும் நானா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்கமாட்டேன்.

இடம் காணாமல் போகும் கேஸ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒருமுறை இரத்தினபுரியில் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் மூன்று கடைக்காரர்கள் பார்த்துவிட்டு, டிஸ்க்கையே மாற்ற வேண்டும் என்று சொல்லிப் போயிருந்தார்கள். நான் போனேன். கெமராவின் கார்டைச் செருகியதும் ஒரே படத்தை இரண்டு மென்பொருட்கள் போட்டி போட்டுக்கொண்டு இரண்டு இடத்தில் பிரதி எடுப்பதைக் கண்டுபிடித்தேன். பத்தே நிமிடம்! ஸ்டூடியோக்காரர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து "பத்து நிமிட நானா" என்று ஒரு பட்டம் வேறு. தம்பிமாரே, தங்கச்சிமாரே, அந்தப் பட்டம்தான் என்னைக் கெடுத்தது. பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள எல்லா இடத்திலும் பத்து நிமிடத்தில் முடிக்க வேண்டி வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு றப்பர் தோட்டம். அங்கே நலன்புரி அலுவலராக இருந்தவர் ராஜேஸ்வரி. அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அப்பாவும் அம்மாவும் பால்வெட்டிப் படிக்கவைத்த பிள்ளை. எல்லோரும் அவரை வெல்ஃபெயார் மிஸ் என்பார்கள். ஒரு வியாழக்கிழமை காலை, கடையின் ஷட்டரைப் பாதி தூக்கும்போதே அவருடைய அழைப்பு வந்தது.

"நானா, மெஷினு எடத்தத் திங்குதுங்க. ஒரு பக்கம் ஸ்கேன் எடுத்தா நாலு பக்கத்துக்கு எடம் போகுது. இன்னைக்குக் காலையில பாத்தா ஒரே செவப்புக் கோடு. பிரிண்ட்டுகூட வரமாட்டேங்குது. ரெண்டு மணிக்கு சேர்மாருங்க வந்துருவாங்க நானா!"

என்ன சேர்மார் என்பதை அவர் மூச்சுவிடாமல் சொன்னார். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்குப் பதிவு செய்து கொடுக்க, பதிவாளர் அலுவலகத்தார் அன்று பகல் தோட்டத்துப் பாடசாலைக்கு வருகிறார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளின் விவரத்தை அந்தக் காலத்து மருந்து ஐயாமார் எழுதிவைத்த பெரிய பிறப்புப் புத்தகங்கள்தான் அத்தாட்சி. ராஜேஸ்வரி ஒரு வருடமாக அவற்றைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல காரியம் செய்திருந்தார், ஏனென்றால் போன மழைக்கு ஸ்டோரில் தண்ணீர் புகுந்து, அடியில் இருந்த இரண்டு புத்தகங்கள் ஊறிக் கட்டியாகிவிட்டன. அந்த இரண்டு புத்தகங்களும் இப்போது மெஷினுக்குள் மட்டும்தான் இருந்தன.

"பயப்படாதீங்க மிஸ். பத்து நிமிச வேல. இந்தா வாரன்" என்றேன்.

மோட்டார் சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு ஏறினேன். பத்து மணிக்குத் தோட்டத்தில் இருந்தேன். நலன்புரி அறை என்பது, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடும் பழைய பிள்ளைக் காம்பராவின் ஒரு பக்கம். வாசல் படியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். காலையில் வெட்டிய பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்படியே வந்திருக்க வேண்டும், கையெல்லாம் பால் காய்ந்து வெள்ளை வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. அவர் பெயர் சிவகாமி.

"நம்ம சிவகாமி அக்காவுக்குத்தாங்க இன்னைக்கு முக்கியம்" என்று ராஜேஸ்வரி சொன்னார். அக்காவுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. பிறந்ததைத் தோட்டத்துப் புத்தகத்தில் எழுதியதோடு சரி, வெளியே கொண்டுபோய்ப் பதிய ஆளில்லை. பிறப்புச் சான்றிதழ் கிடையாது, அதனால் அடையாள அட்டை கிடையாது. அவர் இருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் மலை வெடித்திருந்தது. மண்சரிவுப் பகுதி என்று சிவப்புப் பலகை நட்டு, அங்கிருந்தவர்களுக்கு வேறிடத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அடையாள அட்டை, குறைந்தது அதற்கு விண்ணப்பித்த சீட்டாவது, இல்லாதவர் பெயரைப் பட்டியலில் ஏற்ற முடியாது. பட்டியல் அடுத்த வாரம் மூடுகிறது.

"மழ பேஞ்சா நா ஒறங்குறதில்லைங்க நானா. சொவத்துல காத வச்சுக்கிட்டே இருப்பேன்" என்றார் சிவகாமி அக்கா.

நான் தலையாட்டிவிட்டு மெஷினின் முன் உட்கார்ந்தேன். இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். மேசையில், கீபோர்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு சீஆர் கொப்பி விரித்துக் கிடந்தது. எந்தத் தேதியில் எந்தப் பக்கம் ஸ்கேன் எடுத்தார் என்று ராஜேஸ்வரி அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். பல வரிகளின் ஓரத்தில் சிவப்புப் பேனையால் "ஒ.பா." என்று போட்டிருந்தது. என் கண்ணில் பட்டது. ஏதோ ஒப்பம் பார்த்த அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை! வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

நோயைக் கண்டுபிடிக்க நாலு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்கேனர் ஆக உயர்ந்த தரத்தில் வைக்கப்பட்டிருந்தது, ஒவ்வொரு பக்கமும் யானைக்குட்டி அளவு. சரி, அப்படியிருந்தும் கணக்கு உதைத்தது. புத்தகம் இருந்த ஃபோல்டர் டிஸ்க்கில் கால்வாசிகூட இல்லை. மீதி எங்கே? தேடினேன். ரீசைக்கிள் பின்! அதன் கொள்ளளவை யாரோ இழுத்து உச்சத்தில் வைத்திருந்தார்கள். டிஸ்க்கின் பாதிக்கு மேல் அதற்குள் கிடந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கள்ளன் அகப்பட்டுவிட்டான்!

ராஜேஸ்வரி எனக்கு இஞ்சி போட்டுப் பிளேன்டீ ஊற்றப் போயிருந்தார். நான் யாரையும் கேட்கவில்லை. காலி செய் என்று அழுத்தினேன். நிரந்தரமாக அழிக்கவா என்று மெஷின் கேட்டது. அந்த மெஷினுக்கு இருந்த நிதானம்கூட எனக்கு இருக்கவில்லை. ஆம் என்று அழுத்தினேன். சிவப்புக் கோடு சுருங்கி நீலமானது. கை சும்மா இருக்குமா? சிதறிக் கிடக்கும் கோப்புகளை எல்லாம் ஒழுங்காக அடுக்கும் டிஃப்ராக் வேலையையும் ஓடவிட்டேன். அது என் வழக்கம், வீட்டைக் கூட்டியபின் தண்ணீர் தெளிப்பது போல.

ராஜேஸ்வரி கோப்பையோடு உள்ளே வந்தார்.

"பாத்தீங்களா மிஸ், உங்கட குப்பைக் கூடதான் கள்ளன்! முழுக்க காலி பண்ணிட்டன். இனி பத்து வருசத்துக்கு எடம் ஈக்குது" என்றேன்.

கோப்பை மேசையில் விழாத குறை.

"குப்பக் கூடையா? ஐயோ நானா, அது ஒட்டுப்பால் பைங்க!"

றப்பர் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பால்வெட்டுகிறவர் வாளியில் பாலை ஊற்றிக்கொள்வார். வெட்டுக்காயத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்து போன பாலை உரித்து, இடுப்பில் கட்டிய வேறு பையில் போடுவார். அதுதான் ஒட்டுப்பால். பார்த்தால் அழுக்கு, நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் எந்தத் தோட்டத்திலும் ஒட்டுப்பாலை எறியமாட்டார்கள். அதைத் தனியாக நிறுத்து, தனியாக ஃபெக்டரிக்கு அனுப்பி, தனி றப்பர் செய்வார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? என் வாப்பா ருவான்வெல்லையில் ஒட்டுப்பால் வாங்கி விற்றவர்! அந்த நாற்றத்தில் வளர்ந்தவன் நான். இருந்தும் "ஒ.பா." என்ற இரண்டு எழுத்து எனக்குப் புரியவில்லை, ஏனென்றால் மெஷினின் முன் உட்கார்ந்ததும் நான் கம்ப்யூட்டர்காரனாகிவிட்டேன்.

ராஜேஸ்வரி அழாமல் விளக்கினார். அந்தப் பிள்ளையின் தைரியம் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பக்கங்கள் மங்கியவை, கறை பிடித்தவை. அதனால் ஒரு பக்கத்தை நாலைந்து விதமாக எடுப்பார், ஒருமுறை கருமையாக, ஒருமுறை வெளிறலாக. ஆக நன்றாக வந்தது ஃபோல்டருக்கு, அது வாளிப் பால். மற்றவை ரீசைக்கிள் பின்னுக்கு. ஒன்றில் தெரியாத எழுத்து இன்னொன்றில் தெரியும், தேவைப்படும்போது எடுத்துப் பார்க்கலாம் என்று.

"பை நெறஞ்சா பழசெல்லாம் தானா போகுதுன்னு கம்ப்யூட்டர் கிளாஸ்ல கேட்டு, பையப் பெருசாக்கிக்கிட்டேன். ரீசைக்கிள்னா திரும்பப் பாவிக்கிறதுன்னுதானே நானா அர்த்தம்?"

இத்தனை வருடம் அந்தச் சொல்லின் மேல் கிளிக் செய்து கிளிக் செய்து, அதன் அர்த்தத்தை ஒரு நாளும் யோசிக்காதவன் நான். அவர் சொன்னதுதான் சரி.

"அக்காவோட பக்கம்..." என்று ராஜேஸ்வரி ஆரம்பித்து நிறுத்தினார். வாசலில் சிவகாமி அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

அந்த மாதத்தில் அதே லயத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. இரண்டு பேருக்கும் தகப்பன் பெயர் முத்துசாமி. பெயர் வைப்பதற்கு முன் எழுதியது, அதனால் "பெண் பிள்ளை" என்று மட்டும் இருக்கிறது. யார் எந்தப் பிள்ளை என்று தாயின் பெயரை வைத்துத்தான் சொல்ல முடியும். ஃபோல்டரில் இருந்த நல்ல பிரதியில் தகப்பன் பெயர், தேதி எல்லாம் பளிச்சென்று இருந்தன. தாயின் பெயர் இருந்த இடத்தில் பழைய தேத்தண்ணிக் கறை கருமையாகிக் கட்டியாக நின்றது. தாயின் பெயர் தெரிந்த பிரதி ஒட்டுப்பால் பையில் கிடந்தது. பையை நான் காலி செய்துவிட்டேன். புத்தகம் ஸ்டோரில் கட்டியாகக் கிடக்கிறது.

வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம். உடனே என்ன தோன்றியது தெரியுமா? அழிந்ததை மீட்கும் மென்பொருளை அந்த மெஷினிலேயே டவுன்லோட் செய்து ஓட்டுவோம், மிஸ்ஸுக்கு விஷயம் முழுதாக விளங்குவதற்குள் மீட்டுவிடுவோம் என்று! மவுஸை நகர்த்தியும் விட்டேன். தப்பு செய்த கை அடுத்த தப்புக்குத்தான் முதலில் ஓடும், இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நல்லவேளை, அந்த அறையில் சிக்னல் இல்லை, இன்டர்நெட் ஏறவில்லை.

"சிக்னல் எங்க ஈக்குது?" என்று கத்தினேன்.

"பெரட்டுக் களத்துலதாங்க!"

காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் அந்தக் களம் அறையிலிருந்து ஒரு மேடு ஏறினால் வரும். ஓடினேன். இரத்தினபுரியில் எனக்குத் தெரிந்த ஒரு சிங்களப் பெண்மணி இருந்தார், மாணிக்கக் கடைகளின் கெமராப் பதிவுகள் அழிந்துபோனால் மீட்டுக் கொடுப்பவர். வயதில் என்னைவிடப் பத்து வருடம் இளையவர், இந்த விஷயத்தில் எனக்கு உஸ்தாத். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் நடந்ததை மூச்சிரைக்கச் சொன்னேன். பின்னைக் காலி செய்ததைச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார். டிஃப்ராக் ஓடுகிறது என்றதும் போட்டார் பாருங்கள் ஒரு சத்தம்!

"அத தியன்ன எபா! ப்ளக் எக்க கலவன்ன!"

தொடாதே, பிளக்கைப் பிடுங்கு!

என் கால்கள் மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கும்போது பின்னால் சிவகாமி அக்காவின் குரல் என்னை முந்திக்கொண்டு போனது. எப்போது வந்து நின்றார் என்றே தெரியாது. ஸ்பீக்கரில் சிங்களத்தில் கேட்டதை அப்படியே தமிழில் மலை அதிரக் கத்தினார்.

"ராஜேஸ்வரி! பிளக்கப் புடுங்கு புள்ள! இப்பவே புடுங்கு!"

பால்வெட்டு மலையில் ஒரு நிரையிலிருந்து இன்னொரு நிரைக்குப் பேசிப் பழகிய தொண்டை அது. நான் அறைக்கு வந்து சேர்வதற்குள் ராஜேஸ்வரி வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், மெஷின் இருண்டுபோயிருந்தது.

ஏன் இந்த அவசரம்? அழித்துவிட்டோம் என்று நாம் சொல்வது, லயத்துக் காம்பராவின் கதவிலிருந்து குடியிருப்பவரின் பெயரைக் கழற்றுவது மாதிரிதான். ஆள் உள்ளேதான் இருக்கிறார். ஆனால் பெயரில்லாத காம்பரா காலி என்று நினைத்து வேறு குடும்பத்தைக் குடிவைத்தால், உள்ளே இருந்தவர் போயே போய்விடுவார். டிஃப்ராக் என்பது ஊரையே இடம்மாற்றிக் காலிக் காம்பராக்களில் குடிவைக்கும் வேலை! அதை நான் சிரித்துக்கொண்டே ஓடவிட்டிருந்தேன். பழைய சுழலும் டிஸ்க் என்பதால்தான் ஏதாவது மிஞ்சுவதற்கு வழி இருந்தது. இப்போது வரும் புது வகை டிஸ்க்குகளில் பெரும்பாலும் அந்த அவகாசமும் இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த இரண்டு மணித்தியாலமும் மீட்பு வேலைதான். டிஸ்க்கைக் கழற்றி, வெளி வயர் ஒன்றில் மாட்டி, என் லெப்டொப்பில் பொருத்தினேன். மீட்கும் மென்பொருள் அதில் ஏற்கெனவே இருந்தது. இரத்தினபுரிப் பெண்மணி ஃபோனை வைக்கவில்லை. சிவகாமி அக்கா என் ஃபோனை வாங்கிக் காதில் வைத்தபடி பெரட்டுக் களத்து விளிம்பில் நின்று அவர் சொல்வதை எனக்குக் கத்துவார், நான் சொல்வதை அவருக்குச் சிங்களத்தில் சொல்வார்.

"அந்த டிஸ்க்குல புதுசா ஒண்ணும் எழுதக்கூடாதாம் நானா!"

"எழுதல்லன்னு சொல்லுங்க!"

"பழசப் படிக்க மட்டும்தான் செய்யணுமாம்!"

"அதத்தான் செய்றன்!"

"வெப்ராலப்படாதீங்கன்னு சொல்றாங்க!"

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். எனக்குத்தான் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தனக்கு வரவிருந்த வீட்டை நான் அழித்தேன் என்று தெரிந்த ஒருவர், எனக்குப் பதற்றப்படாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பட்டியல் வந்தது. ஆயிரக்கணக்கான கோப்புகள்! ஆனால் ரீசைக்கிள் பின்னுக்குள் போகும்போது மெஷின் பெயரை மாற்றிவிடும். எல்லாம் எழுத்தும் இலக்கமும் கலந்த ஏதோ கிறுக்கல். எல்லாவற்றையும் மீட்டுத் தேடினால் மறுநாள் ஆகும். மணி பன்னிரண்டரை. நான் தலையில் கை வைத்துவிட்டேன்.

ராஜேஸ்வரி சீஆர் கொப்பியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"பேரு மாறும். நா எடுத்த தேதி மாறாதுல்ல நானா?"

மாறாதுதான்! பெயர் மாறினாலும் கோப்பு உருவான தேதியும் நேரமும் அப்படியே இருக்கும். கொப்பியில் விரலை ஓட்டினார். முத்துசாமிமார் இருந்த பக்கம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், நாலு முறை எடுத்தது, மூன்றுக்கு ஒ.பா. பட்டியலைத் தேதிப்படி அடுக்கினேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரத்தில் மூன்று கோப்புகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

முதலாவதைத் திறந்தேன். பாதிப் படம், அதற்குக் கீழே சாம்பல் நிறம். டிஃப்ராக் தின்றுவிட்டது. இரண்டாவது திறக்கவேயில்லை. மூன்றாவதற்கு முன் பிஸ்மில்லாஹ் சொன்னேன். ராஜேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டார்.

படம் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கியது. பக்கத்தின் தலைப்பு. கட்டங்கள். வெளிறிய நீல மை. முத்துசாமி ஒன்று. முத்துசாமி இரண்டு. ஓரத்தில் இளஞ்சிவப்பாக, பெரிதாக, ஒரு கட்டைவிரல்! பக்கம் சுருண்டுகொண்டதால் ராஜேஸ்வரி அழுத்திப் பிடித்த விரல், அதனால்தான் அந்தப் பிரதியைத் தள்ளியிருக்கிறார். விரலுக்குப் பக்கத்தில் தாயின் பெயர்க் கட்டம். கறை வெறும் நிழலாக வெளிறியிருந்தது. அதற்குள் எழுத்துகள்.

"அக்கா! ஒங்க அம்மா பேரு என்னாக்கா?" என்று ராஜேஸ்வரி ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"காத்தாயி!"

"இருக்குக்கா! காத்தாயி இருக்கு! ரெண்டாவது வரி!"

பெரட்டுக் களத்திலிருந்து ஃபோனையும் பிடித்துக்கொண்டு அக்கா ஓடி வந்தார். ஃபோனுக்குள்ளிருந்து இரத்தினபுரிப் பெண்மணி "லெபுணாத? லெபுணாத?" என்று, கிடைத்ததா கிடைத்ததா என்று, கத்திக்கொண்டே இருந்தார். பதில் சொல்ல ஆளில்லை. நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தேன். வயசான ஆம்பளை, இரண்டு பெண்களுக்கு முன்னால், வெட்கமேயில்லாமல்.

நலன்புரி அறைப் பிரிண்டர் என் லெப்டொப்போடு பேச மறுத்தது. பெரிய ஆபிஸில் அடிக்கலாம், அது கீழே, முந்நூறு படிக்குக் குறையாது. இரண்டு பிரதிகளையும் பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு எழுந்தேன். சிவகாமி அக்கா கையை நீட்டினார்.

"குடுங்க நானா. நா போறேன்."

இனி என்னிடம் விட அவருக்கு மனமில்லை, நியாயம்தானே! முந்தானையில் முடிந்துகொண்டு படிகளில் இறங்கினார் பாருங்கள், நானும் ராஜேஸ்வரியும் பாதி வழியிலேயே பின்தங்கிவிட்டோம்.

இரண்டு மணிக்கு வருவதாகச் சொன்ன சேர்மார் இரண்டே காலுக்கு வந்தார்கள். அதிகாரி இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார், ஒன்றில் தகப்பன், ஒன்றில் தாய். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"மே காகே எங்கில்லத?" இது யாருடைய விரல் என்று கேட்டார்.

"மகே சேர்" என்று, என்னுடையதுதான் சேர் என்று, ராஜேஸ்வரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பேனையை எடுத்தார்.

வெற்றி என்று இதை முடித்துவிட எனக்கு ஆசைதான். ஆனால் உங்களிடம் பொய் சொல்லக்கூடாது. அடுத்த மூன்று நாள் அந்த டிஸ்க்கை முழுதாக மீட்டேன். பெரும்பகுதி வந்தது. கொப்பியில் ஒ.பா. போட்டிருந்த சில பக்கங்கள் வரவேயில்லை. அவற்றின் நல்ல பிரதிகள் இருக்கின்றன, கறைக்குள் என்ன இருந்தது என்பது மட்டும் இனி யாருக்கும் தெரியாது. அந்தக் கறைகளுக்குள் யாருடைய அம்மா இருந்தார் என்று மழை நாட்களில் யோசித்துக்கொண்டிருப்பேன். பத்து நிமிட நானா என்று யாராவது கூப்பிட்டால் அன்றிலிருந்து எனக்குச் சுருக்கென்று குத்தும்.

இடம் நிறைந்த பிரச்சினை கடைசியில் எப்படித் தீர்ந்தது என்று கேட்பீர்கள். ஸ்கேனரின் தரத்தைக் கொஞ்சம் இறக்கினோம், இன்னொரு டிஸ்க் மாட்டினோம், அதில் "ஒட்டுப்பால்" என்று ஒரு ஃபோல்டர் போட்டோம். அவ்வளவுதான்! எதையும் அழிக்கவில்லை. அதன் பிறகு நான் தொட்ட ஒவ்வொரு மெஷினிலும், பாவிப்பவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு இடத்தையும் காட்டி, இதற்குள் என்ன போடுகிறீர்கள், ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டேன். வேலை நேரம் இரட்டிப்பானது. சில ஆட்கள் எனக்கு வயதாகிவிட்டது என்றார்கள், சொல்லட்டும்.

சென்ற வருடம் சிவகாமி அக்கா புது வீட்டில் பால் காய்ச்சினார். இரத்தினபுரிப் பெண்மணியையும் கூப்பிட்டிருந்தார், ஃபோனில் மட்டும் பேசிய இருவரும் அன்றுதான் முகம் பார்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நல்ல வீடு, பின்னால் மலை இல்லை. முன்னறைச் சுவரில் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு ஒன்று மாட்டியிருந்தார். பிறப்புச் சான்றிதழாக்கும் என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். இல்லை. அந்த ஒட்டுப்பால் பிரதி! வெளிறிப்போன பக்கம், ஓரத்தில் ராஜேஸ்வரியின் பெரிய கட்டைவிரல்.

"என்னக்கா, இதயே நல்லா ஒன்னு அடிச்சு நான் தந்தீப்பனே. வெரல வெட்டிட்டு, துப்புரவாக்கித் தரவா?" என்று கேட்டேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ஒண்ணும் வெட்ட வேணாங்க நானா. எங்கம்மாவுக்கு ஒரு போட்டோ கெடையாது. இதுதான் இருக்கு."